கிரேக்க நகர அரசுகளின் ஆட்சி, சமூகம், படை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டைக் கிரேக்க நகர அரசுகளைப் பற்றி மாணவர்களும் பொது வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பேசப்படும் காலம் பெரும்பாலும் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதி வரை. ஏதென்ஸைப் பற்றித்தான் சான்றுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன என்பதால் அந்நகருக்கே அதிக இடம் போயிருக்கிறது, அடுத்தது ஸ்பார்ட்டா. ஆட்சியையும் படையையும் தனித்தனிப் பகுதிகளாக நான் பிரிக்கவில்லை. யார் வாக்களிக்கலாம், யார் போருக்குப் போக வேண்டும் என்ற இரண்டும் அந்த ஊர்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன; ஒன்றை விலக்கிவிட்டு மற்றதை விளக்க முடியாது.

நகர அரசு என்றால் என்ன? எத்தனை இருந்தன?

கிரேக்கர் ‘போலிஸ்’ என்று சொன்னதையே நாம் நகர அரசு என்கிறோம். ஒரு நகரம், அதைச் சுற்றிய வயல்கள், மலைச்சரிவுகள், சிற்றூர்கள், வாய்த்தால் ஒரு துறைமுகம், இவை அனைத்தும் சேர்ந்து தனக்கென்று சட்டமும் காவல் தெய்வமும் படையும் கொண்ட ஒரு நாடாக இயங்கின. ஸ்பெயின் கடற்கரையிலிருந்து கருங்கடலின் கிழக்குக் கரை வரை இத்தகைய அரசுகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஏதென்ஸின் நிலப்பகுதியான அட்டிக்காவே ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர்தான். அதுவே பெரிய அரசாகக் கருதப்பட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கைக் கல்வெட்டுகளில் ‘ஏதென்ஸ்’ என்ற ஊர்ப்பெயர் உடன்படிக்கை செய்துகொள்வதில்லை, ‘ஏதெனியர்கள்’ செய்துகொள்கிறார்கள். நிலமோ கோட்டையோ அரசு என்று அவர்கள் எண்ணவில்லை. குடிமக்களின் கூட்டமே அரசு.

சங்க இலக்கியத்தில் வரும் யவனர் இவர்கள்தானா?

பெயர் இங்கிருந்து வந்தது. ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஐயோனியக் கிரேக்கரைப் பாரசீகர்கள் ‘யௌன’ என்று அழைத்தனர்; ‘யவனர்’ என்பது அதன் வழிவந்த சொல். ஆனால் மிளகு வாங்க முசிறிக்கு வந்த யவனர், நகர அரசுகள் தம் தன்னுரிமையை இழந்து சில நூற்றாண்டுகள் கழிந்தபின், ரோமப் பேரரசின் ஆட்சிக்காலத்தில் வந்தவர்கள்.

எல்லா நகர அரசுகளிலும் மக்களாட்சி இருந்ததா?

இல்லை. சில செல்வக் குடும்பங்கள் ஆண்ட சிலராட்சி பல ஊர்களில் நிலைத்திருந்தது. கொரிந்து நீண்டகாலம் அப்படித்தான் இருந்தது. சில ஊர்களில் ஒருவர் படைபலத்தாலோ மக்கள் ஆதரவாலோ ஆட்சியைக் கைப்பற்றித் ‘திரன்னோஸ்’ ஆனார். இச்சொல் தொடக்கத்தில் கொடுங்கோலனைக் குறிக்கவில்லை, மரபு வழியில் வராத ஆட்சியாளரை மட்டுமே குறித்தது. ஒரே ஊர் இம்மூன்று முறைகளுக்கும் இடையே மாறி மாறிச் சென்றதும் உண்டு. சிசிலியின் சிராக்யூஸ் அதற்குத் தக்க சான்று.

ஏதென்ஸில் மக்களாட்சி எவ்வாறு உருவானது?

ஒரே நாளில் வரவில்லை, ஒருவரால் மட்டும் வரவும் இல்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் முடிவில் கடன்பட்ட உழவர்கள் தம் உடலையே அடகு வைத்தனர். கடனை அடைக்க முடியாதவர்கள் அடிமைகளாக வெளிநாட்டுக்கும் விற்கப்பட்டனர். கி.மு. 594இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலோன் அந்தக் கடன்களை நீக்கி, ஒருவரின் உடலை ஈடாக வைத்துக் கடன் தருவதற்கே தடை விதித்தார். குடிமக்களை நிலத்தின் விளைச்சலைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரித்து, உயர்ந்த பதவிகளை மேல் வகுப்புகளுக்கே ஒதுக்கினார். ஆயினும் நிலமற்ற கடைசி வகுப்பினரும் பேரவையிலும் நீதிமன்றத்திலும் அமரலாம் என்றார்.

அதன்பின் பெய்சிஸ்திராடோஸும் அவர் மகன்களும் தனியாட்சி நடத்தினர். அவர் மகன் ஹிப்பியாஸ் கி.மு. 510இல் விரட்டப்பட்டார். அடுத்து வந்த கிளெய்ஸ்தெனீஸ், கி.மு. 508-507இல் குடிமக்களைப் பத்துப் புதிய குலங்களாகப் பிரித்தார். இது வெறும் பெயர் மாற்றமன்று. ஒவ்வொரு குலத்திலும் கடற்கரைச் சிற்றூர்கள் சில, உள்நாட்டுச் சிற்றூர்கள் சில, நகர்ப்பகுதிகள் சில என்று கலந்து வைத்ததால், ஒரு வட்டாரத்துப் பெருங்குடும்பம் தன் பகுதி மக்களை மட்டும் திரட்டிக்கொண்டு ஆட்டிப்படைப்பது கடினமாயிற்று. படையும் அதே பத்துக் குலங்களாகவே திரண்டது. ஒன்றாக மன்றத்துக்கு ஆள் அனுப்பியவர்களே போர்க்களத்திலும் தோளோடு தோள் நின்றனர். என் கணிப்பில் ஏதென்ஸ் வரலாற்றின் மிக நுட்பமான அரசியல் வேலைப்பாடு இதுதான்.

மக்கள் பேரவை எப்படி நடந்தது?

ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸுக்கு மேற்கே இருக்கும் ப்னிக்ஸ் குன்றில், திறந்த வெளியில், பேரவை கூடியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டங்கள். முதன்மையான சில முடிவுகளுக்கு 6,000 பேர் வந்திருக்க வேண்டும். விடியற்காலையில் பன்றி பலியிட்டு இடத்தைத் தூய்மைப்படுத்துவார்கள். பிறகு கட்டியக்காரர் எழுந்து “பேச விரும்புபவர் யார்?” என்று உரக்கக் கேட்பார். செருப்புத் தைப்பவரும் எழலாம், நிலக்கிழாரும் எழலாம். வாக்கு, கையை உயர்த்தித்தான். பேரவையின் முன் வர வேண்டியவற்றை முன்கூட்டி ஆய்ந்து வைத்தது ஐந்நூற்றுவர் மன்றம்; குலத்துக்கு 50 பேர் வீதம், ஓராண்டுக்கு.

இந்தப் பேரவையின் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி கி.மு. 427இல் நடந்தது. ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து தோற்ற மித்திலீனி நகரின் ஆண்கள் அனைவரையும் கொன்றுவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று பேரவை சினத்தில் முடிவெடுத்தது. ஆணையைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் புறப்பட்டுவிட்டது. மறுநாள் மக்களின் மனம் உறுத்தியது. பேரவை மீண்டும் கூடியது. கொல்வதே சரி என்று கிளியோனும், கொல்வதால் ஏதென்ஸுக்கு நன்மையில்லை என்று டியோடோட்டஸும் வாதிட்டனர். மிகச் சிறு வேறுபாட்டில் டியோடோட்டஸ் பக்கம் வென்றது. உடனே இரண்டாவது கப்பல் விடப்பட்டது. அதற்குள் முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முன்னே சென்றிருந்தது. துடுப்புக்காரர்கள் கரையில் இறங்காமல், திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே தின்றுகொண்டு, முறைவைத்து உறங்கி, ஈஜியன் கடலைக் கடந்தனர். கொடிய ஆணையைச் சுமந்த முதல் கப்பல் விரையவில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். படைத்தலைவர் ஆணையைப் படித்துவிட்டு நிறைவேற்ற முற்பட்ட வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் முழுதாக அழியாமல் தப்பியது. கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று பிடிக்கப்பட்டவர்கள் மட்டும் பின்னர் கொல்லப்பட்டனர்.

பதவிகளுக்குத் தேர்தல் இருந்ததா?

பெரும்பாலான பதவிகளுக்குத் தேர்தல் கிடையாது, குலுக்கல்தான். தேர்தலில் செல்வமும் குடும்பப் பெயரும் பேச்சுத் திறனும் உள்ளவரே வெல்வார் என்பதால் தேர்தலைச் சிலராட்சிக்கு உரிய முறையாகவும், குலுக்கலை மக்களாட்சிக்கு உரிய முறையாகவும் அவர்கள் கருதினர். இன்றைய எண்ணத்துக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் சற்று நின்று யோசிக்க வேண்டிய கருத்து இது.

குலுக்கலுக்கென்று அவர்கள் செய்த கற்கருவியின் பகுதிகள் ஏதென்ஸ் சந்தைவெளி அகழாய்வில் கிடைத்துள்ளன. ஓர் ஆள் உயரக் கல்பலகையில் வரிசை வரிசையாக மெல்லிய துளைகள். ஒவ்வொரு குடிமகனும் தன் பெயரும் ஊரும் பொறித்த சிறு பெயர்த்தகட்டை அதில் செருகுவார். பலகையின் ஓரத்தில் செங்குத்தான ஒரு குழல். அதில் வெள்ளை, கறுப்பு உருண்டைகளைக் கலந்து போட்டு ஒவ்வொன்றாக வெளியே விடுவார்கள். வெள்ளை வந்தால் அந்தக் கிடைவரிசையில் உள்ளவர்கள் அனைவரும் அன்று பணிக்கு. கறுப்பு வந்தால் அந்த வரிசையினர் வீட்டுக்கு. வெண்கலத்தாலான இப்பெயர்த்தகடுகள் சில, உரியவர்களின் கல்லறைகளிலேயே கிடைத்திருக்கின்றன. ஒரு மனிதர் தம்மோடு புதைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தத் தகடு அவருக்குப் பெருமை தந்திருக்கிறது.

படைத்தலைமைக்கு மட்டும் குலுக்கல் இல்லை. ஆண்டுதோறும் பத்துப் படைத்தலைவர்கள் வாக்கினால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவரே எத்தனை முறையும் வரலாம். பெரிக்ளீஸ் அரசராகவோ தலைமை அமைச்சராகவோ இருந்ததில்லை. கி.மு. 443 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொடர்ந்து படைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பேரவையைப் பேச்சால் இணங்க வைத்தே வழிநடத்தினார். எந்தப் பதவியிலிருந்தவரும் ஆண்டு முடிவில் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். குறை கண்டால் வழக்குத் தான்.

ஓட்டுச்சில்லில் பெயர் எழுதி ஒருவரை நாடு கடத்தினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆண்டுக்கு ஒருமுறை, அத்தகைய வாக்கெடுப்பு இவ்வாண்டு வேண்டுமா என்று பேரவையில் கேட்பார்கள். வேண்டும் என்றால், குறித்த நாளில் ஒவ்வொருவரும் உடைந்த மட்பாண்டச் சில்லில் ஒரு பெயரைக் கீறிப் போடுவர். 6,000 சில்லுகள் சேர்ந்தால், மிகுதியான பெயருக்குரியவர் பத்தாண்டுகள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அவருடைய சொத்தும் குடியுரிமையும் பறிபோகா. குற்றம் சாட்டப்படவும் இல்லை, வழக்கும் இல்லை. முதல் வாக்கெடுப்பு கி.மு. 487இல் நடந்தது. பாரசீகரை வெல்ல வழி வகுத்த தெமிஸ்டோக்ளீஸும் பின்னாளில் இதே முறையில் வெளியேற்றப்பட்டார்.

அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து தெமிஸ்டோக்ளீஸின் பெயர் கீறிய ஏறத்தாழ 190 சில்லுகள் கிடைத்தன. எழுத்தின் போக்கை ஒப்பிட்டபோது, அவை அனைத்தையும் எழுதியவை பதினான்கே கைகள் என்று தெரிந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கும் முடிவெடுக்காதவர்களுக்கும் கொடுப்பதற்காக எதிரணியினர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீதிபதிகள் இல்லாமல் வழக்குகள் எப்படி நடந்தன?

தொழில்முறை நீதிபதியும் இல்லை, அரசு வழக்கறிஞரும் இல்லை. 30 வயது கடந்த 6,000 குடிமக்கள் ஆண்டுதோறும் நடுவர்களாகப் பதிவு செய்யப்பட்டு, அவர்களிலிருந்து வழக்குக்கு ஏற்ப 201, 401, 501 என்ற எண்ணிக்கையில் குலுக்கி எடுக்கப்பட்டனர். யார் எந்த வழக்கில் அமர்வார் என்பது அன்று காலை வரை யாருக்கும் தெரியாததால் கையூட்டுக்கு வழி குறைவு. நாளொன்றுக்கு முதலில் 2 ஓபோல்களும் (ஓபோல் ஒரு சிறு வெள்ளிக்காசு; ஆறு சேர்ந்தால் ஒரு திராக்மா) பின்னர் 3 ஓபோல்களும் படி தரப்பட்டன. கூலி வேலை செய்பவரும் ஒரு நாள் பிழைப்பை விட்டு வந்து அமர அது உதவியது.

பேச்சு நேரத்தை நீர்க்கடிகையால் அளந்தார்கள். சந்தைவெளியில் கிடைத்த ஒரு மண்பாண்டக் கடிகை ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் வடிந்து முடியும். வாக்களிக்க ஒவ்வொரு நடுவருக்கும் இரண்டு வெண்கல வில்லைகள். ஒன்றின் நடு அச்சு குழலாகவும் மற்றதன் அச்சு கெட்டியாகவும் இருக்கும். அச்சின் இரு முனைகளையும் விரல்களால் மூடிப் பிடித்தால் அருகில் நிற்பவருக்கும் எது என்று தெரியாது. கி.மு. 399இல் சாக்ரட்டீஸுக்கு மரண தண்டனை விதித்ததும் இப்படிப்பட்ட ஒரு நடுவர் குழுதான்.

குடிமகன் என்பவர் யார்?

பதினெட்டு வயது நிரம்பி, தன் சிற்றூரின் பதிவேட்டில் ஏற்கப்பட்ட ஆண். கி.மு. 451இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு தந்தை, தாய் இருவரும் ஏதெனியக் குடியினராக இருக்க வேண்டும்.

அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் ‘மெட்டிக்’ எனப்பட்ட குடியேறிகள். வணிகமும் கைத்தொழிலும் பெரிதும் இவர்கள் கையில் இருந்தன. ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண்ணுக்கு 6 திராக்மா தலைவரி செலுத்தினர், படையிலும் பணிபுரிந்தனர். நிலம் வாங்க முடியாது, பேரவையில் நுழைய முடியாது. தலைமுறை தலைமுறையாக ஏதென்ஸிலேயே பிறந்து வளர்ந்தாலும் நிலை மாறாது.

அடிமைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது?

ஒரே மாதிரி இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்ரோபோலிஸில் எரெக்தெயோன் கோவில் கட்டப்பட்டபோது எழுதிய கூலிக் கணக்கு கல்லில் உள்ளது. ஒரே தூணுக்குப் பள்ளக்கோடுகள் செதுக்கும் குழுவில் குடிமகனும் குடியேறியும் அடிமையும் சேர்ந்திருக்கிறார்கள். அன்றாடக் கூலி மூவருக்கும் ஒரு திராக்மா. அடிமையின் கூலி அவருடைய உரிமையாளரிடம் போயிருக்கும்.

இன்னொரு கல்வெட்டு கி.மு. 375-374இல் இயற்றப்பட்ட சட்டத்தைச் சொல்கிறது. சந்தையில் அரசின் அடிமை ஒருவர் அமர்ந்து வெள்ளி நாணயங்களைச் சோதிப்பார். அவர் நல்ல நாணயம் என்று சொன்னதை வாங்க மறுக்கும் வணிகரின் அன்றைய சரக்கு முழுவதும் பறிமுதல் செய்யப்படும். குடிமகனான வணிகரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அதே சட்டம், அவர் பணியைச் சரிவரச் செய்யாவிட்டால் 50 சாட்டையடி என்றும் விதிக்கிறது. சந்தையே கட்டுப்பட்ட அந்த மனிதரின் முதுகு மட்டும் அவருக்குச் சொந்தமில்லை.

லவுரியோன் வெள்ளிச் சுரங்கங்களில் இருந்தவர்களின் நிலை இவை எதனோடும் ஒப்பிட முடியாதது. நிமிர்ந்து நிற்க முடியாத குறுகலான சுரங்கவழிகளில், சிறு எண்ணெய் விளக்கொளியில், தவழ்ந்தும் படுத்தும் பாறையை வெட்டினார்கள். அந்த வெள்ளியைக் கொண்டுதான் ஏதென்ஸ் தன் கப்பற்படையைக் கட்டியது என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது.

பெண்களுக்கு என்ன உரிமை இருந்தது?

ஏதென்ஸில் பெண் எந்த வயதிலும் ஒரு காப்பாளரின் கீழ்தான்: தந்தை, கணவர், பிறகு மகன். பேரவை இல்லை, நீதிமன்றத்தில் தானே வாதாடும் உரிமை இல்லை. ஆண் வாரிசு இல்லாத வீட்டின் மகளை, சொத்து குடும்பத்தை விட்டுப் போகாதிருக்க, தந்தைவழி நெருங்கிய உறவினர் மணந்துகொள்ள உரிமை கோரலாம். சமய வாழ்வில் மட்டும் பெண்களின் இடம் பொதுவெளியில் இருந்தது. நகரின் காவல் தெய்வமான ஏதீனாவின் தலைமைப் பூசாரி ஒரு பெண்ணே.

பிற ஊர்களில் நிலைமை வேறு. கிரீட் தீவின் கோர்ட்டின் நகரில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சட்டம், சகோதரர் பெறும் பங்கில் பாதியை மகளுக்கும் தருகிறது. ஸ்பார்ட்டாவில் சிறுமிகளும் ஓட்டமும் மற்போரும் பயின்றனர்; பெண்கள் தம் பெயரிலேயே நிலம் வைத்திருந்தனர். அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொள்கிறார்.

ஸ்பார்ட்டாவை யார் ஆண்டார்கள்?

இரண்டு அரச குடும்பங்களிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு அரசர்கள். அவர்களோடு 60 வயது கடந்த 28 பேர் வாழ்நாள் முழுவதும் அமரும் மூத்தோர் அவை. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து எஃபோர்கள் அரசர்களையே கண்காணித்து, தேவையானால் வழக்குத் தொடுத்தனர். குடிமக்கள் பேரவையும் உண்டு. அங்கே கை உயர்த்துவதில்லை, கூச்சல்தான் வாக்கு. கி.மு. 432இல் ஏதென்ஸோடு போர் தொடுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, எந்தப் பக்கத்துக் கூச்சல் பெரிது என்று தெரியவில்லை என்று சொன்ன எஃபோர் ஸ்தெனெலாய்டஸ், மக்களை எழுந்து இரு பக்கமாகப் பிரிந்து நிற்கச் சொன்னார். போர் வேண்டாம் என்று எல்லார் கண்முன்னும் நடந்து போய் நிற்கும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? போர் வேண்டும் என்ற பக்கமே பெரிதாக இருந்தது.

ஸ்பார்ட்டாச் சிறுவர்களின் பயிற்சி உண்மையில் அவ்வளவு கடுமையா?

ஏழு வயதில் வீட்டை விட்டுப் பிரித்து, வயதுக் குழுக்களில் சேர்த்தனர். வெறுங்கால், பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆண்டு முழுவதும் ஒரே மேலாடை, யூரோட்டஸ் ஆற்றங்கரை நாணலைக் கத்தியின்றிக் கையால் ஒடித்துப் பரப்பிய படுக்கை. உணவு குறைவு, திருடித் தின்னலாம், அகப்பட்டால் அடி. இவற்றில் பல, புளூட்டார்க் போன்று பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்கள் தரும் செய்திகள்; மிகைப்படுத்தல் கலந்திருக்கும். ஆனால் அரசே நடத்திய கட்டாயப் பயிற்சி என்பதில் ஐயமில்லை.

வளர்ந்தபின் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 15 பேர் கொண்ட ஒரு பொது உணவுக்குழுவில் இடம்பெற வேண்டும். புதியவரைச் சேர்க்க, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு ரொட்டி உருண்டையைக் கலத்தில் போடுவர். ஒரே ஒரு உருண்டை நசுங்கியிருந்தாலும் அவருக்கு இடமில்லை. மாதந்தோறும் வாற்கோதுமை, மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் ஆகியவற்றைத் தம் நிலத்திலிருந்து கொண்டுவந்து தர வேண்டும். தர முடியாதவர் முழுக் குடியுரிமையையே இழந்தார். இந்த விதிதான் பின்னாளில் ஸ்பார்ட்டாவைத் தின்றது.

அந்த உணவை விளைவித்தவர்கள் யார்?

ஹெலட்டுகள். ஸ்பார்ட்டாவைச் சுற்றிய லக்கோனியாவிலும் அதற்கு மேற்கே உள்ள மெசினியாவிலும் வென்றடக்கப்பட்டு, தம் சொந்த மண்ணிலேயே கட்டுண்டு உழைத்த கிரேக்கர்கள். தனியொருவர் இவர்களை வெளியே விற்க முடியாது. குடும்பமாக, ஊராக வாழ்ந்தனர். விளைச்சலில் பெரும்பங்கைத் தந்தனர். ஸ்பார்ட்டாவின் ஆண்கள் அனைவரும் முழுநேரப் போர்வீரராக இருக்க முடிந்ததும் இவர்களால்தான், இருக்க வேண்டியதாயிற்று என்பதும் இவர்கள் எழுந்துவிடுவார்களோ என்ற அச்சத்தால்தான்; கி.மு. 464 நிலநடுக்கத்தை ஒட்டி மெசினியர் எழுந்து இத்தோமே மலையைப் பிடித்துக்கொண்டபோது அந்த அச்சம் மெய்யாயிற்று. எஃபோர்கள் ஆண்டுதோறும் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவித்தார்கள். அவர்களைக் கொல்வது தீட்டாகாது என்பதற்காக.

தூசிடிடீஸ் சொல்லும் ஒரு செய்தியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும். போரில் தமக்கு மிகச் சிறப்பாகத் தொண்டாற்றியதாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம், விடுதலை தரப்படும் என்று ஸ்பார்ட்டர் அறிவித்தனர். ஏறத்தாழ 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் தலையில் மாலை சூடி, விடுதலை பெற்றுவிட்டோம் என்று கோவில்களை வலம் வந்தனர். சிறிது காலத்தில் அவர்கள் அனைவரும் காணாமற்போயினர்; ஒவ்வொருவரும் எப்படி மாண்டார் என்பது எவருக்கும் தெரியவில்லை. முதலில் விடுதலை கேட்கத் துணிபவரே முதலில் எழுச்சிக்கும் துணிவார் என்பது ஸ்பார்ட்டரின் கணக்கு.

ஹோப்லைட் எனப்பட்ட காலாட்படை வீரர் எப்படிப் போரிட்டார்?

ஏறத்தாழ 90 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கேடயம், இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட ஈட்டி, தலைக்கவசம், மார்புக் கவசம், முழந்தாள் காப்பு. ஏதென்ஸ் போன்ற ஊர்களில் இவற்றைச் சொந்தச் செலவில் வாங்க வேண்டும்; எனவே ஹோப்லைட் என்பவர் ஓரளவு நிலமோ வருவாயோ உள்ளவர். பெரும்பாலும் எட்டு வரிசை ஆழத்தில் நெருங்கி நின்றனர். கேடயம் இடக்கையில் இருப்பதால் ஒவ்வொருவரின் வலப்பக்கமும் திறந்து கிடக்கும். அதை மறைக்க, வலப்பக்கத்து வீரரின் கேடயத்தை ஒட்டி ஒட்டி நகர்வார்கள். இதனால் முன்னேறும்போது படை முழுவதுமே வலப்புறமாகச் சாயும் என்று, கி.மு. 418 மன்டினேயாப் போரைச் சொல்லும்போது தூசிடிடீஸ் விளக்குகிறார். அச்சம்தான் காரணம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். அதே போரில் ஸ்பார்ட்டர் குழலிசைக்கு அடியெடுத்து, அணி கலையாமல் மெல்ல நடந்து சென்றனர்.

படையிலும் வாக்கு நுழைந்தது. கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகரைத் தாக்குவதா, காத்திருப்பதா என்பதில் பத்துப் படைத்தலைவர்களும் ஐந்துக்கு ஐந்து என்று பிரிந்தனர். போர்த்தலைவர் கல்லிமாக்கஸை மில்டியாடீஸ் இணங்க வைத்து அவர் வாக்கைப் பெற்ற பின்பே போர் நடந்தது. ஏதெனியரில் இறந்தவர் 192 பேர். அவர்களுள் கல்லிமாக்கஸும் ஒருவர்.

ஏழைகள் எந்தப் படையில் இருந்தார்கள்?

கப்பற்படையில். கி.மு. 483-482இல் லவுரியோனில் வளமான வெள்ளி கிடைத்தபோது, அதைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுத் தருவதற்கு மாறாகக் கப்பல் கட்டுமாறு தெமிஸ்டோக்ளீஸ் பேரவையை இணங்க வைத்தார். அக்கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையை முறியடித்தன. மூன்றடுக்குத் துடுப்புகள் கொண்ட அந்தப் போர்க்கப்பலில் 170 துடுப்புக்காரர்கள், மொத்தம் ஏறத்தாழ 200 பேர். துடுப்புக்காரர் கொண்டுவர வேண்டியவை ஒரு துடுப்பு, அதைக் கட்டும் தோல்வார், உட்காரும் ஒரு மெத்தை. கவசம் வாங்கும் வசதி தேவையில்லை. கப்பலின் ஓராண்டுப் பராமரிப்பையும் தலைமையையும் ஒரு செல்வர் தம் பணத்தில் ஏற்க வேண்டும் என்பது சட்டம்.

நிலமற்றவரின் கையால் நகரம் காக்கப்பட்டபின் அவருடைய குரலை ஒதுக்க முடியவில்லை. கி.மு. 462-461இல் எஃபியால்டீஸ் மேட்டுக்குடியினரின் பழைய அவையான அரியோபாகஸின் அதிகாரத்தைப் பறித்ததும், பின்பு நடுவர்களுக்குப் படி வந்ததும் கப்பற்படை பெருகிய அதே தலைமுறையில்தான். மக்களாட்சியை வெறுத்த ஏதெனியர் ஒருவர் அக்காலத்திலேயே எழுதிய சிறு நூல் ஒன்று, கப்பலைச் செலுத்துபவர்கள் ஏழைகளாகையால் அவர்கள் அதிகம் பெறுவது முறைதான் என்று மனமின்றி ஒப்புக்கொள்கிறது.

ஸ்பார்ட்டா ஏன் வீழ்ந்தது?

ஆள் இல்லாமல். கி.மு. 480 அளவில் 8,000 ஸ்பார்ட்டர் இருந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். அரிஸ்டாட்டில் காலத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. நிலம் சிலர் கையில் குவிய, உணவுக்குழுவுக்குப் பங்கு தர முடியாதவர்கள் குடியுரிமை இழந்து கொண்டே போனார்கள். வெளியாரைச் சேர்த்துக்கொள்ளவும் அந்த அரசு மறுத்தது. கி.மு. 371இல் லெவுக்த்ராவில் தீப்ஸ் நகரின் எபமினோண்டாஸ் தம் இடப்பிரிவை 50 வரிசை ஆழத்தில் நிறுத்தி மோதியபோது, களத்திலிருந்த 700 ஸ்பார்ட்டக் குடிமக்களில் 400 பேர் மடிந்தனர். அரசர் கிளியோம்புரோட்டஸும் இறந்தார். கி.மு. 370-369 குளிர்காலத்தில் எபமினோண்டாஸ் மெசினியாவுக்குள் நுழைந்தார். ஹெலட்டுகள் விடுதலை பெற்று, இத்தோமே மலையடியில் மெசினே என்ற தம் நகரைக் கட்டிக்கொண்டனர். அதன் சுண்ணாம்புக்கல் மதிலில் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

ஏதென்ஸின் மக்களாட்சி கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்றபின் ஓராண்டளவே முறிந்து, மீண்டும் எழுந்து, மாசிடோனியர் அதை முடிக்கும் கி.மு. 322 வரை நடந்தது.

போரில் இறந்தவர்களை எவ்வாறு நினைவுகூர்ந்தனர்?

ஏதென்ஸில் எலும்புகளை ஊருக்குக் கொண்டுவந்து, குலத்துக்கு ஒன்றாகப் பத்துப் பேழைகளில் வைத்து, உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு வெறும் பாடையையும் சுமந்து, நகர வாயிலுக்கு வெளியே கெராமெய்க்கோஸ் பகுதியில் அரசு செலவில் அடக்கம் செய்தனர். பெயர்களைக் கல்லில் பொறித்தனர். ஏறத்தாழ கி.மு. 460ஐச் சேர்ந்த அத்தகைய ஒரு கல், எரெக்தெயிஸ் என்ற ஒரே குலத்தின் இறந்தோர் பட்டியல், இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சைப்ரஸ், எகிப்து, ஃபினீசியா, ஹலியெய்ஸ், ஏஜினா, மெகாரா என்று ஆறு களங்களைச் சொல்லிவிட்டு, ‘ஒரே ஆண்டில்’ என்று மேலே எழுதியிருக்கிறார்கள். கீழே 170க்கும் மேற்பட்ட பெயர்கள். தந்தை பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, சொத்து வகுப்பு இல்லை; படைத்தலைவர் என்ற பதவிப் பெயரோடு வருபவரும் அதே அளவு எழுத்தில், அதே பட்டியலில்தான் இருக்கிறார்.